வேலூரிலிருந்து கொல்கத்தா: மலிவு விமான டிக்கெட்டின் கணக்கு

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என்று எங்கு திரும்பினாலும் வங்காள எழுத்தில் பலகைகள் தெரியும். சிஎம்சி மருத்துவமனையை நம்பி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று பல இடங்களிலிருந்து வருகிறவர்களுக்காக வைத்தவை அவை. ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். அதனால் நோயாளியோடு வருகிற பலர் இப்போது விமானத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் வரும்போது கொடுத்த விலைக்குத் திரும்பும்போது டிக்கெட் கிடைப்பதில்லை. சில சமயம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கிறது. இது ஏன் என்று புரிய, ஒரு விமானம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஆள் நிறைந்த பிறகுதான் நகரும். விமானம் பாதி காலியாக இருந்தாலும் குறித்த நேரத்தில் கிளம்பியாக வேண்டும். எரிபொருள், விமானிகளின் சம்பளம், குத்தகைப் பணம், விமான நிலையக் கட்டணம் எல்லாம் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஏறக்குறைய அதே தொகைதான். ஒரு கணக்குக்காக, ஒரு தடவை பறக்க 9 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 இருக்கை இருந்தால் தலைக்கு 6,000 விழும். அதே விமானத்தில் 180 இருக்கை போட்டால் 5,000. மலிவு விமான நிறுவனத்தின் முதல் வேலை இதுதான். பிசினஸ் வகுப்பை எடுத்துவிட்டு, கால் நீட்டும் இடத்தைக் குறைத்து, ஏர்பஸ் 320 ரகத்தில் 180, 186 இருக்கைகள் வைத்துவிடுவார்கள்.

அடுத்தது நேரம். தரையில் நிற்கும் விமானத்துக்கும் குத்தகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம், மறு வருடமே பண நெருக்கடியில் தன்னிடமிருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. ஆனால் கால அட்டவணையைக் குறைக்கவில்லை. இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பி, மூன்றை வைத்து நான்கின் வேலையை வாங்கியது. விமானத்தின் நேரத்தையே மூலதனமாக நடத்தும் இந்த யோசனை உலகத்தையே மாற்றியது என்பேன். இன்று நம் ஊர் மலிவு விமானங்கள் அரை மணி நேரத்தில் திரும்பக் கிளம்புவது அதன் தொடர்ச்சிதான். உள்ளே சூடான சாப்பாடு இல்லாததால் ஏற்றி இறக்கும் வேலை குறைகிறது, குப்பையும் குறைகிறது. ஒரே ரக விமானம் என்றால் எந்த விமானியையும் எந்த விமானத்திலும் அனுப்பலாம். உதிரிபாகங்களும் ஒரே வகை போதும்.

விமானம் வாங்குவதிலும் ஒரு வழி இருக்கிறது. இண்டிகோ ஒரு விமானம்கூடப் பறக்கவிடாத 2005லேயே 100 ஏர்பஸ்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக வாங்கினால் பெரிய தள்ளுபடி கிடைக்கும். வந்த விமானத்தைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டும். பழசாகிப் பராமரிப்புச் செலவு ஏறும் முன் திருப்பிக் கொடுத்துவிடும்.

எரிபொருளில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் அதிகம் செல்லாது. நம் நாட்டில் விமானச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அது ஜிஎஸ்டிக்குள்ளும் வரவில்லை; மாநிலங்கள் தனியாக வாட் வரி போடுகின்றன. குறைந்த விலையில் டிக்கெட் விற்ற ஏர் டெக்கான், கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தோடு இணைந்து மறைந்தது. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023இல் நின்றது. விலை மலிவாக இருந்தால் போதாது, செலவும் அந்த அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

இனி டிக்கெட் விலைக்கு வருவோம். ஒரே இருக்கைக்குப் பல விலைப் படிகள் வைத்திருப்பார்கள். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி திறக்கும். பதிவு மந்தமாக இருந்தால் கணினி மறுபடி கீழ்ப்படியைத் திறக்கும். வேகமாக இருந்தால் மூடிவிடும். 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கையில் எடுத்த இந்தக் கணினிக் கணக்குதான், மலிவு விலைக்குப் பேர்போன பீப்பிள் எக்ஸ்பிரஸ் நிறுவனம் வீழ்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். முன்கூட்டி வாங்குகிறவருக்குக் குறைந்த விலை, கடைசி நேரத்தில் வருகிறவருக்கு முழு விலை. கடைசி நேரத்தில் வருகிறவர் கம்பெனிச் செலவில் பறக்கிற அதிகாரி என்பது அதன் அனுமானம்.

வேலூரில் அந்த அனுமானம் பொய்த்துவிடுகிறது. டாக்டரைப் பார்க்கும் தேதி முன்பே தெரிவதால் வரும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். திரும்பும் தேதி பயாப்ஸி ரிப்போர்ட்டின் கையில் இருக்கிறது. இன்னும் நாலு நாள் இருங்கள் என்றால் இருக்கத்தான் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனதும் லாட்ஜ் வாடகைக்குப் பயந்து நாளைக்கே டிக்கெட் தேடும் குடும்பமும் அந்த அதிகாரியும் கணினிக்கு ஒன்றுதான். நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்குமாவது கடைசி நேர விலைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது நியாயம் என்று நினைக்கிறேன். மருத்துவமனைச் சீட்டை வைத்தே அதைச் சரிபார்க்க முடியும்.

வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் இருக்கும் ஓடுபாதைக்கு விமானம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வதுண்டு. அந்த ஓடுபாதையில் ஏர்பஸ் 320 இறங்க முடியாது. சிறிய விமானம்தான் வர முடியும். விமானத்தில் 19 இருக்கை இருந்தாலும் 180 இருந்தாலும் விமானிகள் இரண்டு பேர் வேண்டும். அவர்கள் சம்பளத்தை 19 பேர் மீது ஏற்றினால் தலைக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை, பெங்களூர் போன்ற கிட்டத்து ஊர்களுக்கு என்றால், எரிபொருளை அதிகம் குடிக்கும் மேலேறும் கட்டமே பயணத்தில் பெரும்பங்கு. சிறிய ஊர்களுக்கு விமானம் விட 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டம், இப்படிப்பட்ட வழித்தடங்களுக்கு மூன்று வருடம் மானியம் என்று வைத்தது இதனால்தான். மானியம் நின்ற பிறகும் அந்த விமானம் தன் காலில் நிற்க வேண்டும்.

கொல்கத்தா பயணிகளுக்கு இப்போதைக்கு ஒன்று உதவும். மலிவு விமானங்கள் போக, வரத் தனித்தனியாகவே விலை வைக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாங்குவதால் பெரும்பாலும் லாபமில்லை. எனவே வரும் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டி வாங்கிவிட்டுத் திரும்புவதற்கு ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கலாம். தேதி ஓரளவு தெரியும், கீழ்ப்படி விலையும் கிடைக்கிறது என்றால் துணிந்து வாங்கலாம். ரத்து செய்தால் அடிப்படைக் கட்டணம் போனாலும், அரசு வரியையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதைக் கேட்டு வாங்காமல் விடுகிறவர்கள் நிறைய.