"எங்க பிள்ளைய வச்சு ஆராய்ச்சியா, சார்?"

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி ஒரு நாள்கூட ஆகியிருக்காது. ஒப்புதல் படிவத்தை நீட்டினால் அப்பா இப்படித்தான் கேட்பார். கேட்பதில் தப்பே இல்லை.

"இல்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வராது. பரிசோதனைக்கு எடுத்த எலும்பு மஜ்ஜையில் மிஞ்சுவதை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கலாமா, சிகிச்சை விவரங்களைப் பதிந்து வைக்கலாமா என்றுதான் கேட்கிறோம். மறுத்தாலும் வைத்தியம் அப்படியே நடக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்புறம், காது கொடுக்கும் நிலையில் இருந்தால், ஒரு பழைய கதை.

1940-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் சத்தின் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது. அந்தச் சத்து நோய்க்குத் தீனி என்றால், அதைத் தடுக்கும் பொருள் கிடைக்குமா என்று யோசித்தார். லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவின் குழு அதைச் செய்து தந்தது: அமினோப்டெரின். (சுப்பாராவ் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) 1948-ல் வெளியான முடிவின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களுக்குத்தான். ஆனால் இந்த நோயை மருந்தால் அடக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நம் பக்கத்திலும் இப்படி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1980-களில் அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து, எம்சிபி-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. அதுவரை ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிதாக இருந்த நோயில், ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கும் நிலை வந்தது. எல்லோரும் ஒரே மாதிரி எழுதி வைத்ததால்தான் எங்கே சறுக்குகிறோம் என்று ஒப்பிட முடிந்தது.

எழுதி வைக்காததன் விலையை நானே பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பாதியில் நின்றுபோன குழந்தைகளின் கோப்பில் "வரவில்லை" என்று மட்டும் இருக்கும். ஏன் வரவில்லை? காய்ச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்தார்களா, பஸ்ஸுக்குக் காசில்லையா, அறுவடை நேரமா? ஒரு வரி இல்லை. அந்தக் கோப்புகளை வைத்து எந்த ஆராய்ச்சியாளரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நானும்தான் அப்படி எழுதினேன்.

இப்போது சிகிச்சைக்கு வர வேண்டிய நாள் தவறினால் அன்றைக்கே போன் போகிறது. காரணத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறோம். முதல் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் வாங்கிக்கொள்கிறோம்.