உணர்ச்சி உச்சியில் இருக்கும்போது புத்திமதி எடுபடாது

பெங்களூரின் அல்சூர், விவேக்நகர், முருகேஷ்பாளையம் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் அம்மா முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "நாங்க என்ன குறை வெச்சோம் டாக்டர்? எடுத்ததுக்கெல்லாம் இப்படி ஆடுறா." மகளிடம் தனியாகப் பேசினால், "எங்க வீட்ல யாருக்கும் என்னைப் புரியாது" என்பாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தால் சிகிச்சை அங்கேயே நின்றுவிடும்.

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி, என்ற உளவியல் சிகிச்சை இந்த இடத்திலிருந்துதான் பிறந்தது. இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஷா லினஹன். திரும்பத் திரும்பத் தற்கொலை எண்ணத்தோடு வந்த பெண்களுக்கு அவர் முதலில் வழக்கமான நடத்தைச் சிகிச்சையைத்தான் கொடுத்துப் பார்த்தார். "இதை மாற்று, அதை மாற்று" என்று சொன்னபோது, தங்கள் வலி யாருக்கும் பொருட்டில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். வெறுமனே அனுதாபத்தோடு கேட்டபோதோ எதுவும் மாறவில்லை. "உன் வலி நியாயம்தான், ஆனால் நீ செய்வது மாறத்தான் வேண்டும்" என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்ல ஒரு வழி தேடினார். அதன் முதல் பெரிய ஆய்வு 1991-ல் வெளிவந்தது. இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்ததை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2011-ல்.

சிலருக்குப் பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று ஏறும், அதிகமாக ஏறும், இறங்க வெகுநேரம் ஆகும். அப்படிப்பட்ட குழந்தையிடம் "இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று வருடக்கணக்கில் சொன்னால், தனக்குள் நடப்பதையே அது நம்பாமல் போகிறது. பெரிதாகக் கத்தினால்தான் வீட்டில் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றும் கற்றுக்கொள்கிறது. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் அப்படித்தான் வளர்க்கப்பட்டார்கள்.

சிகிச்சையில் என்ன செய்கிறோம் என்பதற்கு ஒரு உதாரணம். பலரிடம் கேட்டதைச் சேர்த்து ஒரே ஆளாக்கிச் சொல்கிறேன். ஐடி வேலை, பிஜியில் தங்கியிருக்கும் பெண். ஒரு ராத்திரி நண்பனுக்கு வரிசையாக மெசேஜ். அவன் போனை அணைத்துவிட, ஆத்திரத்தில் மேனேஜருக்கு ராஜினாமா மெயில். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று நான் கேட்பதில்லை. அன்று காலையிலிருந்து என்னென்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்வேன். முந்தைய ராத்திரி தூக்கமில்லை. மதியம் சாப்பிடவில்லை. சில்க் போர்டு டிராஃபிக்கில் பஸ் நகரவே இல்லை. அவன் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. "என்னை விட்டுட்டுப் போகப்போறான்" என்று ஒரு நினைப்பு. நெஞ்சு படபடப்பு, முகத்தில் சூடு. அப்புறம்தான் மெசேஜ், மெயில். மறுநாள் காலை தாங்க முடியாத வெட்கம். அதுவே அடுத்த வெடிப்புக்கு வழி.

இதில் எங்கே கை வைத்திருக்கலாம்? எல்லோரும் சின்ன வயதில் பட்ட காயத்தைத் தேடுகிறார்கள். தேடலாம், அதற்கும் நேரம் வரும். முதல் சில வாரங்களில் எனக்கு அந்த மதியச் சாப்பாடுதான் முக்கியம்.

உணர்ச்சி உச்சிக்குப் போய்விட்டால் உடம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூச்சை அடக்கி, குளிர்ந்த நீரில் அரை நிமிடம் போல முகத்தை அமிழ்த்தினால் இதயத் துடிப்பு மெதுவாகும். (இதயக் கோளாறோ உணவுப் பழக்கக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.) இல்லையென்றால் மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கலாம், மூச்சை நீளமாக வெளியே விடலாம். கொஞ்சம் இறங்கிய பிறகு, "அவன் போகப்போகிறான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று யோசிக்க முடியும். அதற்கு முன்னால் கேட்டால் அந்தக் கேள்வியே இன்னொரு சண்டை.

அம்மாவுக்கும் ஒரு வேலை உண்டு. "பதில் வரலேன்னா என்ன, சாப்பிட்டுத் தூங்கு" என்பதற்குப் பதிலாக, "இவ்வளவு நேரம் பதில் வராட்டி பதற்றமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் கூட உட்காருவது. இப்படிச் சொன்னால் அத்தனை மெசேஜ் அனுப்பியதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. அந்தப் பேச்சை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

டிபிடி என்ற பெயரில் சில தாள்களை மட்டும் கொடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பயிற்சித் தாள்கள் உதவும்தான், ஆனால் முழுச் சிகிச்சை அதுவல்ல. வாராவாரம் தனி அமர்வு, திறன்களைக் கற்றுத்தரும் குழு வகுப்பு, நெருக்கடியில் போனில் வழிகாட்டல், சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் கூடிக் கலந்து பேசுவது என்று நான்கும் சேர்ந்ததுதான் முழு டிபிடி. வழக்கமாக ஒரு வருடம் போல ஆகும். இவற்றில் எதெல்லாம் உண்டு, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபப்படும் சிகிச்சையாளரிடம் போக வேண்டியதில்லை.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தைக் குறைப்பதில், குறிப்பாக பார்டர்லைன் பெர்சனாலிட்டி (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் தடுமாறும் ஆளுமைக் கோளாறு) உள்ளவர்களிடம், இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எப்போதாவது கோபம் வருகிறவருக்கு இத்தனையும் தேவையில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், டிபிடி ஆரம்பித்துவிட்டோம் என்று தானாக நிறுத்தவும் கூடாது.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதனால் தாமதிக்காமல் கொண்டுபோங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது. நம் ஓசூர் ரோட்டு நிமான்ஸ் மனநல மருத்துவமனைதான் இதற்குத் தலைமை மையம். இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். பாதிக்கப்பட்டவர் பேச மறுத்தால் வீட்டில் உள்ளவர்களே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.