‘மரத்துப்போச்சு’ என்று யாராவது சொன்னால்

கணவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்த ஒரு பெண்ணை அவருடைய அண்ணன் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தங்கையை வெளியே உட்காரவைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எழவு வீட்டுல ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை டாக்டர். கல்நெஞ்சுக்காரின்னு ஊர் பேசுது.”

அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். “அழணும்னுதான் நெனச்சேன். வரலை. உள்ள எல்லாம் மரத்துப்போச்சு.”

இரண்டு பேரும் ஒரே நிலையைத்தான் சொன்னார்கள். ஆனால் அண்ணன் வாயில் வந்தது ஊர் கொடுத்த தீர்ப்பு. தங்கை சொன்னது நோய்க்குறி. சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் ஈறு மரத்துப்போகிறது. அதற்காகக் காலே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. உணர்வு திரும்ப வரும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘உணர்ச்சியற்றவர்’ என்று எழுதும்போது அந்த நம்பிக்கை வருவதில்லை. மனிதரையே அப்படி ஆக்கிவிடுகிறோம். பேரிழப்போ பேரதிர்ச்சியோ நேர்ந்தவுடன் மனம் இப்படி மரத்துப்போவது உண்டு. அழாதவர் வருந்தவில்லை என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

சரி, ‘இவருக்கு உணர்ச்சியே இல்லை’ என்ற பேச்சு வேறு எப்போதெல்லாம் வருகிறது?

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பதை நாம் அதிகமாகவே நம்புகிறோம். பார்க்கின்சன் நோயில் மூளையில் அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைகிறது. கை கால் அசைவு மெதுவாவது போலவே முகத்தசைகளின் அசைவும் குறைகிறது. கண் சிமிட்டுவது குறைந்து முகம் முகமூடி போல ஆகிவிடும். பேரன் பிறந்ததைச் சொன்னபோது அப்பா சிரிக்கவே இல்லை என்று மனம் வெறுத்துப்போன ஒரு மகனைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு உள்ளே மகிழ்ச்சி இருந்தது. முகம்தான் ஒத்துழைக்கவில்லை. அதை விளக்கியபோது மகன் அங்கேயே உடைந்து அழுதார்.

இன்னொரு வகை, உணர்வு இருந்தும் அதற்குப் பெயர் சொல்லத் தெரியாதவர்கள். கோபமா, பயமா, துக்கமா என்று கேட்டால் விழிப்பார்கள். நெஞ்சை அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது என்பார்கள். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்து எதுவும் இல்லை என்றான பிறகு மனநல மருத்துவர்களான எங்களிடம் வருவார்கள். பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் இதற்கு ‘அலெக்ஸிதைமியா’ என்று பெயரிட்டார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்று பொருள்படும்படி கிரேக்க வேர்களைச் சேர்த்து உருவாக்கிய சொல். இது தனி நோய் அல்ல, ஒரு தன்மை. ‘ஆம்பளை அழக்கூடாது’ என்று சொல்லியே பையன்களை வளர்க்கும் நம் வீடுகளில், அந்தச் சொற்களைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்காமல் விடுகிறோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

மனச்சோர்வு நோயில் பலர் அழுவார்கள், சிலர் அழுவதே இல்லை. பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு, பெற்ற பிள்ளை, எதுவுமே எட்டுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகும் மறதிநோயிலும் எதிலும் அக்கறை இல்லாமல் போவது உண்டு. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். தைராய்டு குறைந்தாலும் ஆள் மந்தமாகிவிடுவார், அதை ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலேயே உணர்வு மழுங்குவதும் உண்டு. அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

உண்மையான கல்நெஞ்சு என்று ஒன்று இல்லையா என்று கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் அடுத்தவர் வலி தன்னைத் தொடாத ஒருவர், அதைத் தன் குறையாக நினைத்து என்னிடம் வருவது மிக அரிது. ‘எனக்கு ஏன் அழுகை வரலை?’ என்று தவிப்பவருக்குள் உணர்வு இருக்கிறது. அந்தத் தவிப்பே ஓர் உணர்வுதானே.

அந்த அம்மாவுக்கு முதல் நாள் நான் மாத்திரை எழுதவில்லை. அழச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். அப்புறம் வாரம் ஒருமுறை வரச் சொல்லி, கணவரைப் பற்றிப் பேசவைத்தேன். நான்காவது வாரம், ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கக் கொடுத்த இடத்தில் அழுதுவிட்டதாகச் சொன்னார். “எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன் டாக்டர்” என்று வெட்கப்பட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார், அதற்கு முன் எப்படி இருந்தார் என்ற இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள்.