மத்தியான மூச்சிரைப்புக்கு வயசு மட்டும் காரணமில்லை

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், வயசாயிட்டுல்லா" என்றார் பெரியவர். சேரன்மகாதேவி பக்கம், 70ஐத் தாண்டியவர், பீடி சிகரெட் தொட்டதில்லை. கூட வந்த மகள்தான் விஷயத்தைச் சொன்னார்: "பிசான நெல்லைக் களத்துல காயப்போட்டா, முன்னெல்லாம் ஒரே மூச்சா கிண்டி விடுவாவ. இப்ப பாதியிலயே வேப்பமரத்தடிக்குப் போயிருதாவ."

ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதச் சொன்னேன். முதல் வினாடியில் வெளியே வரும் காற்று போன வருஷத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தது. அவரோ மூச்சில் குறையே இல்லை என்று சாதித்தார்.

வயதானால் இந்த அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சரி. நெல் தூசிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் களத்தில் எப்போது நிற்கிறார் என்று கேட்டால், "1 மணியிலேருந்து 4 மணி வரைக்கும்" என்கிறார். தரையோரக் காற்றில் ஓசோன் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

ஓசோன் என்றதும் வானத்தில் நம்மைக் காக்கும் படலம்தான் நினைவுக்கு வரும். அது பல கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது. நாம் சுவாசிக்கும் ஓசோன் எந்தப் புகைக்குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிப் புகை, செங்கல் சூளைப் புகை, குப்பை எரிக்கும் புகை இவற்றிலுள்ள வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உருவாவது. நம்மூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதைக் கண்ணால் பார்க்க முடியாது. வண்டிகள் நெருக்கும் திருநெல்வேலி வண்ணார்பேட்டை போன்ற இடங்களில், புதுப்புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அதனால் காற்று போகும் திசையில் இருக்கும் கிராமத்தில் ஓசோன் கூடுதலாக இருப்பதும் உண்டு. "எங்க ஊரு காத்து சுத்தம்" என்று நம்பி இருந்துவிட முடியாது.

இந்த வாயு தண்ணீரில் எளிதில் கரையாது. மூக்கிலும் தொண்டையிலும் முழுவதும் தங்காமல் சிறு மூச்சுக்குழாய்கள் வரை இறங்கி, உள்சவ்வைப் புண்ணாக்கும். இந்தியாவில் 8 மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. ஓசோன் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்துச் செய்த சோதனைகளில், இளைஞர்களைவிட வயதானவர்களுக்கு இருமலும் நெஞ்சு வலியும் குறைவாகவே வந்தன. ஊதும் அளவும் அவ்வளவாக இறங்கவில்லை. ஆனால் ஓசோன் கூடிய நாள்களில் மூச்சுக் கோளாறோடு ஆஸ்பத்திரியில் சேரும் முதியவர்கள் அதிகமாகிறார்கள். உடம்பு எச்சரிக்கை கொடுப்பது குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே கையிருப்பு குறைந்த நுரையீரலுக்குச் சின்னச் சரிவும் பெரிய இழப்பு. ஆகவே தாத்தாவும் ஆச்சியும் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நடை மெதுவாகிறதா, மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறார்களா, பேசும்போது வாக்கியம் அறுபடுகிறதா என்று பாருங்கள்.

முகக்கவசம் இதற்கு உதவாது. தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. நேரத்தை மாற்றுவதுதான் வழி. நடை, தோட்டவேலை எல்லாம் விடிகாலையில் முடியட்டும். பங்குனி, சித்திரை மத்தியானங்களில் வீட்டுக்குள் இருப்பதே பாதி பாதுகாப்பு. இன்ஹேலர் போடுபவர்கள், நன்றாக இருக்கிறதென்று நடுவில் நிறுத்த வேண்டாம்.

அந்தப் பெரியவர் காலையில் நெல்லைப் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். மத்தியானம் கிண்டுவது மருமகன் பொறுப்பு, அதுவும் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு, தூசிக்காக. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கோடை வெயில் ஏறும் முன் ஒரு தடவை ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊத வையுங்கள். அளவு குறித்துத் தரும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதுதான் வேண்டும்.