செப்புக் குழாயில் ஓர் ஓணான்

சுண்டிக்குளத்தில் ஓர் இடம் ஊர்வனவுக்கு ஏற்றது, இன்னோர் இடம் ஏற்றதல்ல என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் எனப் பருத்தித்துறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இலங்கையின் வடக்கில், 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம் அது. பூநாரை வந்தால் படம் எடுக்கப் போகிறோம். மணலில் ஓடும் ஓணானைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முதல் வேலை, விலங்கைக் கண்ட இடங்களைக் குறித்து, மண், தாவரம், நீர்நிலை காட்டும் வரைபடங்களோடு கணினியில் பொருத்துவது. பாம்பைக் காணவில்லை என்பதால் அங்கே பாம்பு இல்லை என்றாகாது. ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரங்களில் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். ஆனால் ஓணான் அங்கே ஏன் இருக்கிறது? அதன் உடல்வெப்பம் வெளியிலிருந்து வருவது. மேலே வெயில், கீழே சுடுமணல், பக்கத்தால் சோளகக் காற்று: மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. நிழலில் தொங்கும் வெப்பமானி காற்றின் வெப்பத்தை மட்டுமே சொல்லும். ஆகவே ஆய்வாளர்கள் ஓணான் அளவுள்ள செப்புக் குழாயை எடுத்து, இரு முனைகளையும் அடைத்து, ஓணான் தோல் எவ்வளவு வெயிலை உறிஞ்சுமோ அவ்வளவு உறிஞ்சும் நிறத்தைப் பூசி, உள்ளே சிறு வெப்பமானியை வைக்கிறார்கள். வெறுமணலில் ஒன்று, வடலியின் காவோலைக்குக் கீழே ஒன்று, வளைக்குள் ஒன்று. அசையாமல் இருந்தால் அந்த இடத்தில் ஓணானின் உடல் எவ்வளவு சூடாகும் என்பதைக் குழாய் நாள் முழுவதும் பதிவு செய்கிறது. எவ்வளவு அழகான சூழ்ச்சி!

ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் உள்ள தொட்டியில் விட்டால், ஓணான் தனக்குப் பிடித்த வெப்பத்தைத் தானே காட்டிவிடும். அது 33 முதல் 36 பாகை என்று வைத்துக்கொள்வோம். குழாய்கள் காட்டும் அளவு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு அந்த இடம் தரம் குறைந்தது. ஹேர்ட்ஸ், ஹூயி, ஸ்டீவன்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் வகுத்த கணக்கு இது. நண்பகலில் வெறுமணல் 50 பாகையைத் தாண்டினாலும், நாலடி தள்ளிக் காவோலை நிழல் இருந்தால் ஓணான் பிழைத்துக்கொள்ளும். துப்புரவு என்று காவோலையை எரித்துவிட்டால் அந்த ஒதுங்கிடம் போய்விடும். வளைக்கு வெளியே உள்ள எல்லாக் குழாய்களும் சுடும் நேரத்தில் ஓணான் வளைக்குள் முடங்கி, இரை தேடும் நேரத்தை இழக்கும். மெக்சிகோவில் ஓணான்கள் மறைந்த இடங்களை, இனப்பெருக்க காலத்தில் இப்படி இழந்த நேரத்தோடு சினெர்வோ என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010இல் தொடர்புபடுத்தினார்கள்.

நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு வந்து, எலி தின்னும் சாரையை வேலியோரத்தில் அடித்துக் கொல்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை. யானைக்கும் சிறுத்தைக்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது ஊர்வனவுக்குக் கிடைக்க வேண்டும். சுண்டிக்குளத்தில் இந்த அளவீட்டைத் தொடங்க முக்கியமாகத் தேவையான கருவிகள் செப்புக் குழாய்களும் வெப்பப் பதிகருவிகளும்தான். அந்தச் சிறிய செலவை ஏற்க யாராவது முன்வந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் மாணவர்களே அடுத்த சோளகத்தில் வேலையைத் தொடங்கலாம்.