‘நோயாளி முடிவுகள்’ என்று எழுதாதீர்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து ஆறு மாதம் ஆன என் பெரியம்மாவுக்கு, அவர் சேர்ந்திருக்கும் தொலைமருத்துவத் திட்டத்தின் செயலியில் ஒரு படிவம் வந்தது. தலைப்பு: ‘நோயாளி முடிவுகள் மதிப்பீடு’. உடனே எனக்குப் போன். “என்னடா, இன்னும் என்ன முடிவு எடுக்கணுமாம்? இன்னொரு காலையும் அறுக்கணும்னு சொல்றாங்களா?”

திறந்து பார்த்தேன். உள்ளே 12 எளிய கேள்விகள். படியில் இறங்க முடிகிறதா, மண்டியிட்டு எழ முடிகிறதா, இரவில் படுத்தபின் முழங்கால் வலிக்கிறதா என்று கடந்த நான்கு வாரங்களை நினைத்துச் சொல்ல வேண்டும். ‘ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண்’ என்ற பெயரில் பல நாடுகளில் பயன்படும் கேள்வித்தாள் அது. மதிப்பெண் 0 முதல் 48 வரை. கூடக் கூட நல்லது. கேள்விகள் எல்லாம் பெரியம்மாவுக்குப் புரிந்தன. தலைப்புத்தான் பயமுறுத்திவிட்டது.

ஆங்கிலத்தில் ‘பேஷண்ட் அவுட்கம்’ என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். ‘அவுட்கம்’ என்றால் நேர்ப்பொருளில் வெளியே வருவது. ஒன்றிலிருந்து கடைசியில் வந்து சேர்வது. அதன் வரலாறு இவ்வளவு போதும். மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு உறுதியான இடம் தந்தவர் மருத்துவர் அவெடிஸ் டோனபெடியன். சிகிச்சையின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்று 1966-இல் எழுதிய கட்டுரையில் அவர் மூன்றைப் பிரித்தார்: கட்டமைப்பு, செயல்முறை, அவுட்கம். மருத்துவமனையில் என்ன இருக்கிறது, அங்கே என்ன செய்கிறார்கள், அதனால் நோயாளிக்கு என்ன ஆயிற்று. அவருக்கும் முன்பே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, சிகிச்சை பலித்ததா என்பதைப் பிற்பாடும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று போராடினார். இருவரும் கேட்டது ஒரே கேள்வி: அந்த மனிதருக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வழக்கில் உள்ள தமிழாக்கங்களைப் பாருங்கள்.

‘முடிவு’ மிக மோசம். தமிழில் முடிவு என்றால் தீர்மானம்; இல்லாவிட்டால் ஆய்வகத்தில் தரும் இரத்தப் பரிசோதனை முடிவு; நோயாளி என்ற சொல்லை ஒட்டி வந்தாலோ, உயிர் போவது. மூன்றில் எதை எடுத்தாலும் தவறு. பெரியம்மா முதலாவதை எடுத்தார், நல்லவேளை.

‘விளைவு’ அவ்வளவு மோசமில்லை. விளை என்ற வேர் நல்ல வேர். விளைச்சல், விளைநிலம் எல்லாம் அதிலிருந்து வந்தவைதாம். ஆனால் இன்றைய வழக்கில் அது கெட்டதன் பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கவிளைவு, பின்விளைவு, ‘விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. மருந்து உடலில் செய்வதற்கு, அதாவது ‘எஃபெக்ட்’ என்பதற்கு, விளைவு என்ற சொல் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் என்ன ஆகும்? திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்த ஓர் அறிக்கையில் இப்படி இருந்தது: ‘நோயாளி விளைவுகளின் மீதான திட்டத்தின் விளைவு’. எழுதியவருக்கே அது புரிந்திருக்காது. அதே அறிக்கையில் ‘நோயாளி அறிக்கையிட்ட விளைவு நடவடிக்கைகள்’ என்றும் ஒரு தொடர். நோயாளி தன் நிலையைத் தானே சொல்லும் கேள்வித்தாள்களைத்தான் குறிப்பிடுகிறார்களாம். ‘மெஷர்’ என்றாலே நடவடிக்கை என்று போட்டுவிடும் பழக்கம் எப்போது தொலையுமோ! இங்கே அது அளவீடு. அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டுவதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு இல்லை. வாக்கியம் என்ன சொல்கிறது என்று ஒரு கணம் நின்று கேட்டிருந்தால் போதும், இது நடந்திருக்காது.

‘பலன்’ என்று எழுதலாமே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். எல்லாருக்கும் புரியும் என்பது அவர் கட்சி. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. செய்தித்தாள் வாக்கியம் ஒன்றை அவரிடம் காட்டினேன்: ‘சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்.’ இறப்பு நேர்ந்தால் பலன் இல்லை என்கிறது தமிழ். ஆனால் மருத்துவக் கணக்கில் இறப்பும் ஓர் அவுட்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ண வேண்டியது அதைத்தான். மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் அப்படியே. நல்லதை மட்டும் குறிக்கும் சொல்லால் கெட்டதை எண்ண முடியாது. ‘பயன்’ என்பதற்கும் இதே தடைதான்.

நான் பரிந்துரைப்பது ‘பெறுபேறு’. புதிதாகச் செய்த சொல் இல்லை. இலங்கைத் தமிழர் பரீட்சைப் பெறுபேறு என்று நாள்தோறும் எழுதுகிறார்கள். தேறியவருக்கும் பெறுபேறுதான், தேறாதவருக்கும் பெறுபேறுதான். நன்மை தீமை இரண்டையும் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெறு என்பது முதலெழுத்து நீண்டு பேறு ஆகிறது. சுடு சூடு ஆவதும் கெடு கேடு ஆவதும் போல. மருத்துவத்துக்கும் இது அயல் இல்லை, மகப்பேறு இருக்கிறதே. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: பெறுபேறு வினைத்தொகை. பெற்ற பேறு, பெறுகின்ற பேறு, பெறும் பேறு என முக்காலமும் அதில் அடங்கும். அறுவைக்கு முன்பு ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை, ஓராண்டில் ஒரு முறை என்று அளந்து ஒப்பிடும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெறுபேறு என்றதும் ‘யார் பெற்றது?’ என்ற கேள்வி தானாக எழுகிறது. செயலி வழி நடக்கும் மருத்துவத் திட்டங்களுக்கு இந்தக் கேள்வி அவசரத் தேவை. பல அறிக்கைகளில் ‘விளைவுகள்’ என்ற தலைப்பின்கீழ் எத்தனை பேர் செயலியைப் பதிவிறக்கினார்கள், எத்தனை காணொலி ஆலோசனைகள் நடந்தன, எத்தனை நட்சத்திரம் கிடைத்தது என்று அடுக்குகிறார்கள். முதல் இரண்டும் திட்டத்தின் செயற்பாட்டுக் கணக்கு. நட்சத்திரம் நோயாளியின் அனுபவத்தைச் சொல்லும். அவர் நலத்தைச் சொல்லாது. மருத்துவர் அன்பாகப் பேசினார் என்று ஐந்து நட்சத்திரம் தந்தவரின் இரத்த அழுத்தம் அப்படியே உயர்ந்து நிற்கலாம். ‘நோயாளி பெறுபேறு’ என்று தலைப்பிட்டு அதன்கீழ்ப் பதிவிறக்க எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள், கை கூசும்.

சொல் சரியானால் அளவும் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாத நிலவரத்தைக் காட்டுவது; திட்டம் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் அதை வைத்து வெற்றி கொண்டாடினால் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. பாதியில் செயலியை விட்டுப் போனவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், எஞ்சியவர்களின் சராசரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். விட்டுப் போனவர்கள் எதையும் பெறவில்லை என்றால் அதுவும் பெறுபேறு, எழுதத்தான் வேண்டும்.

புணர்ச்சியில் ஒரு குறிப்பு: சோறு சோற்று ஆவதுபோல் பேறு பேற்று ஆகும். ‘பெறுபேறு அளவீடு’ என்று விட்டு எழுதாமல் ‘பெறுபேற்று அளவீடு’ என்று எழுதுங்கள். நோயாளி தன் வாயால் சொல்வதற்கு ‘நோயாளி கூறும் பெறுபேறு’ போதும், ‘அறிக்கையிட்ட’ வேண்டாம். மருத்துவ ஆய்வில் இதுதான் முக்கியம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டியது ‘முதன்மைப் பெறுபேறு’.

இவையெல்லாம் அறிக்கைக்கும் பாடநூலுக்கும். நோயாளிக்குப் போகும் படிவத்தின் தலையில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டியதில்லை. பெரியம்மாவுக்கு நான் தலைப்பை மாற்றிப் படித்துக் காட்டினேன்: ‘அறுவைக்குப் பிறகு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?’ பத்தே நிமிடத்தில் பன்னிரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டார். மண்டியிடும் கேள்விக்கு மட்டும் ‘இன்னும் முடியவில்லை’ என்றார்.