மீட்டர் செய்யுங்கள், மெயின்ஸ் பலகைக்குள் வரவேண்டாம்

அர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையை வைத்து வீட்டு மின்சாரத்தை (மெயின்ஸ்) அளக்கும் டிஜிட்டல் மீட்டர் செய்ய ஆசைப்படும் மாணவர்கள் எங்கள் பட்டறைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். கையோடு கொண்டுவரும் வரைபடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டு மின்தடைகளால் 230 வோல்ட்டைப் பிரித்து, நேரே பலகையில் மின்னழுத்தத்தைப் படிக்கும் அனலாக் முனைக்குக் கொடுப்பது. கணக்குப் போட்டால் சரியாகத்தான் வரும். ஆனாலும் அதைச் செய்ய நான் விடுவதில்லை.

230 என்பது ஆர்எம்எஸ் அளவு, அதாவது ஏறி இறங்கும் அலையின் பயனுறு மதிப்பு. அலையின் உச்சம் 325 வோல்ட். கீழ்ப்பக்க மின்தடையின் சால்டர் ஒன்று விட்டுப்போனால், 5 வோல்ட் தாங்கும் முனையை மெயின்ஸ் வந்து தொடும். அதைவிடப் பெரிய ஆபத்து, இந்தச் சுற்றில் பலகையின் கிரவுண்டும் நியூட்ரலும் ஒன்றாகிவிடுவது. யூஎஸ்பி கேபிள் வழியாக மடிக்கணினியின் உலோக உடலும் அதோடு சேர்ந்துவிடும். “நியூட்ரல்தானே, ஷாக் அடிக்காதே?” என்று கேட்பார்கள். இங்கே சிங்கப்பூரில் பல வீடுகளில் இரண்டு முள் பிளக்கைப் பேனாவால் மேல்துளையை அமுக்கிச் செருகுகிறார்கள். அது திரும்பிப் போனால் லைவும் நியூட்ரலும் இடம் மாறிவிடும். அப்போது நீங்கள் கை வைத்திருக்கும் கணினியில் இருப்பது 230 வோல்ட்.

மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்றும் சொல்வார்கள். 2023 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் அது பார்ப்பது நிலத்துக்குக் கசியும் மின்னோட்டத்தை. ஒரு கையில் லைவ், மறு கையில் நியூட்ரல் பட்டால் அதற்கு நீங்களும் ஒரு விளக்கைப் போலத்தான், துண்டிக்காது.

மின்னோட்டத்துக்குப் பலரும் வாங்குவது ஏசிஎஸ்712 சிப் உள்ள சிறு பலகை. உள்ளே மெயின்ஸ் பக்கத்தையும் அளக்கும் பக்கத்தையும் பிரிக்கும் மின்காப்பு உண்டு. ஆனால் அதன் தரவுத்தாளில் வலுவூட்டிய காப்புக்கான வேலை மின்னழுத்தம் 184 வோல்ட் உச்சம்தான், நம் மெயின்ஸின் உச்சத்துக்குக் கீழே. அந்தச் சிறு பலகையின் அடியில் மெயின்ஸ் முனைகள் திறந்தே கிடக்கும். மாணவர் மேசைக்கு அது வேண்டாம்.

நான் சொல்லும் வழி இதுதான். மின்னழுத்தத்துக்கு, பாதுகாப்புக் குறி உள்ள, 9 வோல்ட் ஏசி வெளியீடு தரும் அடாப்டர். வெளியீடு ஏசியாக இருக்க வேண்டும், சாதாரண டிசி அடாப்டர் உதவாது. மின்தடைப் பிரிப்பை அதன் பாதுகாப்பான பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மின்னோட்டத்துக்கு, கம்பியை வெட்டாமல் அதைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் உணரி. 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும் வகை உணரியின் வெளியீட்டுக்குக் குறுக்கே 33 ஓம் மின்தடை போட்டால், முழு அளவில் உச்சம் ஏறக்குறைய 2.3 வோல்ட். 2.5 வோல்ட்டை நடுவாக வைத்தால் 5 வோல்ட்டுக்குள் அடங்கும். அந்த மின்தடையை முதலில் பொருத்துங்கள், அப்புறம்தான் கம்பியைக் கவ்வ வேண்டும். உணரியின் வெளியீடு எதிலும் இணையாமல் திறந்திருந்தால் அதில் மின்னழுத்தம் எகிறும்.

கிளாம்ப் ஒரே ஒரு கம்பியைக் கவ்வ வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் புலங்கள் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். இதற்காக, லைவ் கம்பி தன் காப்புறையோடு தனியே வெளியே வருமாறு ஒரு நீட்டிப்புக் கம்பியை உரிமம் பெற்ற மின் ஊழியரைக் கொண்டு செய்து வைத்திருக்கிறோம். வீட்டின் டிபி பெட்டியை (மின்பகிர்வுப் பெட்டி) திறந்து கிளாம்ப் மாட்டுவதும் அவருடைய வேலைதான்.

நிரலில், 20 மில்லி விநாடி கொண்ட முழு அலைகளாகவே மாதிரி எடுங்கள். எல்இடி விளக்கின் மின்னோட்டம் சைன் வடிவில் இருக்காது, எனவே சராசரியை 1.11ஆல் பெருக்கும் குறுக்குவழி பொய் சொல்லும். திறனுக்கு, கணத்துக்குக் கணம் மாறும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிச் சராசரி எடுக்க வேண்டும். அர்டுயினோ ஊனோ பலகையில் ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் சுமார் 100 மைக்ரோ விநாடி இடைவெளி, அதாவது முழு அலையை 360 பாகை என்று கொண்டால் 1.8 பாகை. திறன் காரணி (பவர் ஃபேக்டர்) 0.5 உள்ள மோட்டாரில் இது மட்டுமே 5 விழுக்காட்டுக்கு மேல் பிழை தரும். அடாப்டரும் தன் பங்குக்கு அலையின் கட்டத்தை (ஃபேஸ்) நகர்த்தும். மின்கெட்டில் வெறும் மின்தடைதான், அதன் திறன் காரணி 1; அதை ஓடவிட்டு, மீட்டர் 1 காட்டும்வரை நிரலில் இந்த நகர்வைத் திருத்திக்கொள்ளுங்கள்.